காட்டுக்குள் ஒரு கக்கூசு: எங்களுக்கான கட்டம் எந்தப் படிவத்தில்?

நாங்கள் கேட்டதை முதலில் சொல்லிவிடுகிறோம். பிறகு நீங்களே முடிவெடுங்கள், எங்களுக்கு விசரா இல்லையா என்று.

ஒன்று, 12 அடிக்கு 16 அடியில் நாலு பக்கமும் திறந்த ஒரு கிடுகுக் கொட்டில். இரண்டு, மண்வெட்டி, அலவாங்கு, கத்தி, நாற்றுப்பை எல்லாம் வைத்துப் பூட்ட 6 அடிக்கு 8 அடியில் ஒரு தகர அறை. மூன்று, 4 அடிக்கு 5 அடியில் ஒரு உலர் மலசலகூடம். மூன்றையும் கூட்டினால் 260 சதுர அடி. அத்திவாரம் இல்லை, சீமெந்து இல்லை, ஒரு மரமும் வெட்டத் தேவையில்லை. வேண்டாமென்றால் இரண்டு நாளில் கழற்றி ட்ரக்டர் பெட்டியில் ஏற்றிவிடலாம். பொருட்செலவு 85 ஆயிரம் ரூபாவுக்குள் முடியும் என்று கணக்குப் போட்டிருந்தோம்.

இதற்கான முதற் கடிதத்தை 2023 ஜனவரியில் கொடுத்தோம். இன்றுவரை அனுமதி இல்லை. மறுப்பும் இல்லை. எங்களைக் கோபப்படுத்துவது இந்த இரண்டாவதுதான். "இல்லை" என்று ஒருவர் எழுதித் தந்திருந்தால் அதை எதிர்த்து மேன்முறையீடு செய்திருப்போம். எதுவும் தராமல் அனுப்பினால் எதை எதிர்த்து எங்கே போவது?

ஊரின் பெயரையும் அலுவலகங்களின் பெயரையும் இங்கே எழுதவில்லை. அங்கே இருக்கிறவர்களில் பலர் நல்ல மனிதர்கள். நாளைக்கும் அவர்களிடம்தான் போகவேண்டும். அதோடு, இது ஒரு அலுவலகத்தின் கதையும் இல்லை. வடக்கில் எந்தப் பிரதேசத்தில் இருந்து இதை வாசித்தாலும் "எங்கட ஊரிலயும் இதுதான்" என்று சொல்லப்போகிறீர்கள்.

அந்தக் காடு

வன்னியில் ஒரு சின்னக் குளத்தின் கட்டுக்குக் கீழே ஏறத்தாழ ஒன்பது ஏக்கர். குளத்தை அண்டி மருது. உள்ளே போகப் போகப் பாலை, வீரை, நாவல், இடைக்கிடை விளாவும் ஒரு பெரிய புளியும். மீளக்குடியேறி வந்த காலத்தில் அந்த எல்லையில் சிவப்பு மண்டையோட்டுப் பலகை நட்டிருந்தது. கண்ணிவெடிப் பயத்தில் வருடக்கணக்காக ஒருவரும் உள்ளே போகவில்லை. அதனால்தான் மரங்கள் பிழைத்தன என்று ஊரில் சொல்லுவார்கள். வெடி எடுத்து முடிந்த பிறகு குப்பை வந்தது, பிறகு கள்ள மரம் வெட்டுகிறவர்கள் வந்தார்கள்.

2022இல் காஸும் மண்ணெண்ணெயும் இல்லாமல் போனபோது நாடு முழுக்க விறகுக்குத் திரும்பியது. எங்கள் ஊரும்தான். அந்த வருடம் இந்த ஒன்பது ஏக்கரும் மொட்டையாகியிருக்க வேண்டியது. ஆகவில்லை. காரணம் எங்கள் கூட்டு இல்லை, மாதர் சங்கம். விழுந்த கொப்புகளை மட்டும் எடுக்கலாம், பச்சை மரத்தில் கத்தி வைக்கக்கூடாது, கிழமைக்கு இரண்டு நாள் மட்டும் என்று அவர்கள் ஒரு ஒழுங்கு வைத்தார்கள். முறைபோட்டுக் காவலும் இருந்தார்கள். நாங்கள் பிறகு போய்ச் சேர்ந்துகொண்டவர்கள்.

இப்போது அங்கே ஒரு நாற்றுமேடை இருக்கிறது. 14 பெண்கள் காலை ஏழு மணிக்கு வந்து மதியம்வரை வேலை செய்கிறார்கள். பாலைக்கன்று, மருதங்கன்று, நாவற்கன்று போட்டு விற்கிறார்கள். மாதத்தில் ஒருமுறை பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள். வந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும், இப்போது வருவதில்லை.

ஏன் வருவதில்லை? ஒரு ரீச்சர் எங்களிடம் நேரே சொன்னா: "தம்பியவை, பொடியங்களைக் கூட்டிவாறது பிரச்சினையில்ல. பொம்பிளப் பிள்ளையளை மூண்டு மணித்தியாலம் இங்க வச்சிருக்க ஏலாது. என்னத்துக்கெண்டு உங்களுக்கே விளங்கும்."

விளங்கியது. வெட்கமாகவும் இருந்தது. ஏனென்றால் அந்த 14 பெண்களும் ஒன்றரை வருடமாக அதே இடத்தில்தான் வேலை செய்கிறார்கள், நாங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டபோது ஒரு அக்கா சிரித்துக்கொண்டு சொன்னா: "நாங்கள் காலமை தண்ணி குடிக்காம வாறம். வீட்ட போய்த்தான் குடிக்கிறது." வன்னி வெயிலில், சித்திரை மாதத்தில், தண்ணீர் குடிக்காமல் ஐந்து மணித்தியாலம் மண் கிளறுகிறார்கள். அவர்களில் ஒருவர் சிறுநீர்த் தொற்றால் இரண்டு தடவை வாட்டில் இருந்துவிட்டு வந்தவர் என்பதும் அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியவந்தது.

ஆகவே "காட்டுக்க என்னத்துக்குக் கக்கூசு?" என்று கேட்கும் நண்பர்களுக்கு, முக்கியமாக முகநூலில் இயற்கை நேசிக்கும் ஆண் நண்பர்களுக்கு, எங்கள் பதில் இதுதான். உங்களுக்கு அந்தக் காட்டில் எந்த மரமும் கக்கூசு. அக்காவுக்கு அப்படி இல்லை. கக்கூசு இல்லாத பொதுக்காடு ஆம்பிளைகளின் காடு. வயதானவர்களுக்கும் நீரிழிவுக்காரருக்கும் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் அங்கே இடமில்லை. இலங்கையில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996இல் வந்தது. பொது இடங்களில் அவர்கள் பிரவேசிப்பதற்கான ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. அவற்றை நடைமுறைப்படுத்தச் சொல்லி 2011இல் உச்சநீதிமன்றம் கட்டளையிட்டது. இத்தனையும் வந்த பிறகும், ஒரு பொது இடத்தில் கைபிடியோடு ஒரு மலசலகூடம் வைக்க விரும்புகிறவன்தான் ஊரில் விசித்திரப் பிராணி.

ஐந்து வாசல்கள்

கட்டடம் என்றால் பிரதேச சபை. அங்கேதான் முதலில் போனோம். வரைபடம் கேட்டார்கள், கொடுத்தோம். "காணி ஆற்ற?" என்று கேட்டார்கள். அரச காணி என்றோம். அப்படியென்றால் பிரதேச செயலகத்தில் கடிதம் வாங்கி வாருங்கள் என்றார்கள்.

பிரதேச செயலகத்தில் ஒரு கோப்பைத் தேடி எடுத்தார்கள். மரம் நிற்கிற இடம், ஆகவே வனவளத் திணைக்களத்தின் சம்மதம் வேண்டும் என்றார்கள். அங்கே போனால், இது ஒதுக்குக்காடு இல்லை, வர்த்தமானியில் வரவில்லை, எங்களுக்குச் சம்பந்தமில்லை, ஆனால் எழுத்தில் அப்படித் தரமுடியாது என்றார்கள். குளக்கட்டுக்குக் கீழே என்பதால் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தைக் கேளுங்கள் என்றும் சொன்னார்கள். 80 ஹெக்டேயருக்கு உட்பட்ட நிலத்துக்கு நீர் பாய்ச்சும் சிறு குளங்கள் அவர்களுடைய பொறுப்பு. அங்கே, குளத்தின் ஒதுக்கு எல்லை எங்கே முடிகிறது என்று நில அளவை வரைபடம் வேண்டும் என்றார்கள். அளப்பதற்கு எங்களுக்குச் சொன்ன தொகை 60 ஆயிரம் ரூபா. 85 ஆயிரம் ரூபாக் கொட்டிலுக்கு 60 ஆயிரம் ரூபா அளவை.

கடைசியாகப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். மனுசன் நல்லவர். உலர் மலசலகூடத்தைப் பற்றி நாங்கள் விளக்கத் தொடங்க, அவர் எங்களுக்கே விளக்கினார். குழி வெட்டுவதில்லை. நிலத்துக்கு மேலே இரண்டு மூடிய தொட்டிகள். சிறுநீர் வேறாகப் போகும். ஒவ்வொரு தடவையும் ஒரு சிரட்டை சாம்பலும் காய்ந்த சருகும் போடவேண்டும். ஒன்று நிறைந்தால் மூடி ஒரு வருடம் விட்டுவிட்டு மற்றதைப் பாவிக்கவேண்டும். நிலத்தடி நீருக்குள் ஒன்றும் இறங்காது. "குழியை விட இது திறம்" என்றார். பிறகு ஒரு பெருமூச்சு: "ஆனா எங்கட படிவத்தில மலக்குழிக்கும் கிணத்துக்கும் இடையில எத்தின அடி எண்டுதான் இருக்கு. குழியே இல்லாட்டி நான் அதில என்னத்தை எழுதுறது?"

பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார். விண்ணப்பப் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். வதிவிடம், வர்த்தகம், கைத்தொழில் என்று கட்டங்கள். "தம்பி, எனக்கு உங்கட திட்டம் பிடிச்சிருக்கு. ஆனா உங்களுக்கு இதில ஒரு கட்டமில்லை. 'வர்த்தகம்' எண்டு போட்டா ஹோட்டலுக்குக் கேக்கிறதெல்லாம் உங்களிட்டையும் கேக்கவேணும்."

இந்தக் கட்டுரையே அந்த வசனத்தைப் பற்றியதுதான். நாங்கள் ஒரு கெட்ட அதிகாரியையும் சந்திக்கவில்லை. ஒருவரும் காசு கேட்கவில்லை, ஒருவரும் ஏசவில்லை. ஐந்து வாசலிலும் கதிரை போட்டு இருத்தினார்கள், இரண்டு இடத்தில் தேத்தண்ணீரும் தந்தார்கள். ஆனால் ஐந்து பேரில் ஒருவரிடமும் "ஓம்" என்று சொல்லும் அதிகாரம் இல்லை. மற்ற நாலு பேரும் சொன்னால் தானும் சொல்லலாம் என்று ஒவ்வொருவரும் காத்திருக்கிறார்கள். கொழும்பிலிருந்து வந்த ஒரேயொரு பதில் கடிதம் தனிச் சிங்களத்தில் வந்தது. அரசியலமைப்பின்படி வடக்கு கிழக்கின் நிர்வாக மொழி தமிழ் என்பதை அதை அனுப்பியவருக்கு யாராவது தமிழில் எழுதிப் போட்டால் நல்லது.

இதற்கிடையில் இன்னொன்றும் நடந்தது. 2023 மார்ச்சில் நாடு முழுக்க உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்தது. தேர்தல் வைக்கவில்லை. 2025 மே 6ஆம் திகதி வாக்களிக்கும்வரை, இரண்டு வருடத்துக்கு மேல், சபைகள் செயலாளர்களின் கையில் இருந்தன. மாங்காய் விலையைப் பற்றியாவது போய்ச் சத்தம் போடக்கூடிய ஒரு உறுப்பினர்கூட எங்களுக்கு இல்லை. "கக்கூசுப் பிரச்சினைக்கும் ஜனநாயகத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் முன்பு நக்கலடித்தார். அந்த இரண்டு வருடத்துக்குப் பிறகு அவர் நக்கலடிப்பதில்லை.

ஆருடைய காடு?

இந்த ஒன்பது ஏக்கர் ஏன் ஐந்து அலுவலகங்களுக்கும் சொந்தமாகவும் ஒருவருக்கும் சொந்தமில்லாமலும் இருக்கிறது? அதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

1840இல் ஆங்கிலேயர் ஒரு கட்டளைச் சட்டம் கொண்டுவந்தார்கள். அந்த வருடத்தின் 12ஆம் இலக்கம். காடு, தரிசு, பயிர் செய்யாத, ஆளில்லாத காணி எதுவும் முடிக்குரியது என்றே கொள்ளப்படும், இல்லையென்றால் இல்லையென்பவர் நிரூபிக்க வேண்டும் என்றது அது. ஊருக்குப் பொதுவானது என்ற ஒரு வகையே அந்தச் சட்டத்தின் கண்ணில் இல்லை. மேய்ச்சல் தரை, குளக்கரைக் காடு, விறகுக் காடு எல்லாம் ஒரே வரியில் அரசுக்குப் போனது. 1907இல் காட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. 1915இல் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. திருத்தம் மேல் திருத்தம் வந்தாலும் இந்த இரண்டின் எலும்பும் இன்னும் அப்படியே இருக்கிறது. எங்கள் கொட்டிலை அளக்கும் அடிமட்டம் நூறு வருடத்துக்கு மேல் பழையது.

வர்த்தமானியில் வராத காடுகளை "ஏனைய அரச காடுகள்" என்பார்கள். 2001ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சுற்றறிக்கை அவற்றை வனவளத் திணைக்களத்தின் பொறுப்பில் விட்டது. 2020 நவம்பரில் அந்த ஏற்பாட்டை நீக்கி, பொறுப்பைத் திரும்பவும் மாவட்ட, பிரதேச செயலாளர்களிடம் கொடுத்தார்கள். பயிர்ச்செய்கைக்குக் காணி விடுவிப்பதற்காக என்று காரணம் சொன்னார்கள். சுற்றுச்சூழல் அமைப்புகள் அதை எதிர்த்தன. நாங்களும் எதிர்க்கிறோம். ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு இரண்டு காலத்திலும் ஒரு வித்தியாசமும் இல்லை. முதலில் திணைக்களம் ஊரைக் கேட்காமல் வைத்திருந்தது, பிறகு செயலகம் ஊரைக் கேட்காமல் வைத்திருக்கிறது. காவல் இருக்கிற பெண்களின் பெயர் எந்தக் கோப்பிலும் இல்லை.

அரசுக்குக் காடு என்றால் எப்போதும் மேலிருந்து பார்க்கும் காடுதான். 1990இல் வடக்கிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம் மக்களின் முசலிக் கிராமங்கள் ஆளில்லாமல் இருபது வருடம் காடு பற்றிக் கிடந்தன. அவர்கள் திரும்பிக்கொண்டிருந்த காலத்தில், 2012 ஒக்டோபரில், அந்தக் காணிகளின் பகுதிகளையும் சேர்த்து ஒதுக்குக்காடு என்று வர்த்தமானி வந்தது. அந்தப் பிரச்சினையின் எல்லாப் பக்கத்தையும் இங்கே பேச இடமில்லை. நாங்கள் சொல்வது ஒன்றைத்தான்: வரைபடத்தில் பச்சை அடிப்பதற்கு முன் அங்கே போய் ஆரும் கேட்பதில்லை. பச்சை அடிக்கும்போது கேட்காதவர்கள், கொட்டில் போடும்போது மட்டும் ஐந்து கடிதம் கேட்கிறார்கள்.

"கட்டிப்போட்டுப் பாப்பம்"

ஊரில் எங்களுக்குக் கிடைத்த புத்திமதிகள் இரண்டு வகை.

முதலாவது: "ஆர் கேக்கப் போகினம்? இரவோட இரவாக் கட்டுங்கோ." இதற்கு எங்கள் பதில், பக்கத்துக் குளக்கரையில் இருக்கிற மலசலகூடத்தைப் போய்ப் பாருங்கள் என்பதுதான். ஒரு அரசியல்வாதியின் நிதியில் அவசரமாகக் கட்டினது. மாபிள் பதித்தது, பெயர்ப்பலகையும் உண்டு. அனுமதி இல்லை, ஆகவே அது எந்தச் சபையின் சொத்துப் பட்டியலிலும் இல்லை. பட்டியலில் இல்லாததற்குத் தண்ணீர்க் கட்டணம் கட்ட ஒருவராலும் முடியாது, துப்புரவுக்கு ஆள் போட முடியாது. இரண்டாம் வருடமே பூட்டு விழுந்தது. இப்போது உள்ளே குளவிக் கூடு. அனுமதி என்பது தடை மட்டும் இல்லை. நாளைக்கு இதைப் பராமரிப்பது ஆர், பிள்ளை ஒன்று விழுந்தால் பொறுப்பு ஆர், ஆட்சி மாறினாலும் இதை இடிக்கக் கூடாதென்று சொல்வது ஆர் என்ற கேள்விகளுக்கு எழுத்தில் கிடைக்கும் பதில். அது இல்லாமல் கட்டினால் நாங்கள் ஒவ்வொரு நாளும் ஆராவது ஒருவரின் தயவில் இருக்கவேண்டும். தயவில் இருந்து எங்களுக்குக் களைத்துவிட்டது.

இரண்டாவது புத்திமதி இன்னும் கெட்டித்தனமானது: "ஒரு சூலத்தை நடுங்கோ தம்பியவை. வைரவரை வச்சிட்டு, வாற சனத்துக்கெண்டு கொட்டில் போடுங்கோ. பிறகு எந்த ஓபிசர் வந்து கழட்டுவான் பாப்பம்."

சிரித்தோம். பிறகு யோசித்தோம். அது வேலை செய்யும், சந்தேகமே இல்லை. ஆனால் அது ஆருடைய விளையாட்டு? குருந்தூர்மலையில் புதுக் கட்டுமானம் செய்யக்கூடாது என்று 2022இல் முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றம் கட்டளையிட்டது. அதற்குப் பிறகும் வேலை நடந்ததா என்று அடுத்த வருடம் நீதிமன்றமே மலையேறிப் பார்க்க வேண்டி வந்தது. சாமியைக் காட்டிக் காணியைப் பிடிப்பதை எதிர்த்து வீதியில் நின்றவர்கள் நாங்கள். அதே தந்திரத்தைச் சின்ன அளவில், எங்கள் சாமியை வைத்துச் செய்துவிட்டு நாளைக்கு எந்த முகத்தோடு போய் நிற்பது? வைரவருக்கும் இது அவமரியாதை. கக்கூசுக்குக் காவலாளியாகவா அவரைக் கொண்டுவருவது?

எங்களையும் நாங்கள் கொஞ்சம் திட்டிக்கொள்ள வேண்டும். முதல் வரைபடத்தில் நாங்கள் போட்டது இந்த மூன்றையும் மட்டுமில்லை. வாசலில் ஒரு வளைவு, சீமெந்து வாங்குகள், மரத்துக்கு மரம் மின்விளக்கு, படமெடுக்க ஒரு மேடை. அதைப் பார்த்த ஒரு அம்மா கேட்டா: "இதெல்லாம் வந்தாப் பிறகு மயில் வருமோ?" வராது. அந்தத் தாளைக் கிழித்தோம். ஆகவே விதிகளே வேண்டாம் என்று நாங்கள் சொல்லமாட்டோம். இளைஞர்கள் நல்ல மனதோடு வந்து காட்டை நாசமாக்க முடியும், அதற்கு நாங்களே சாட்சி.

பெரிசுக்கு ஒரு வாசல், சின்னனுக்கு ஐந்து

விதி வேண்டும். ஆனால் பாதிப்பின் அளவுக்கு ஏற்ற விதி வேண்டும். இந்த நாட்டில் அது தலைகீழாக இருக்கிறது.

சுன்னாகத்தை நினைவிருக்கிறதா? மின்நிலையத்தின் கழிவெண்ணெய் நிலத்துக்குள் இறங்கி, சுற்றியிருந்த ஊர்களின் கிணறுகளில் மிதந்தது. யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கல் நிலத்தில் ஒரு இடத்தில் ஊற்றினால் அது அந்த இடத்தோடு நிற்காது. சனம் பவுசர் தண்ணீருக்கு வரிசையில் நின்றது. 2019இல் உச்சநீதிமன்றம் அந்த மின் கம்பனியை 2 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. மேற்பார்வை செய்யவேண்டிய நிறுவனங்களும் தங்கள் கடமையைச் செய்யவில்லை என்று தீர்ப்பில் சொன்னது. அனுமதிப் பத்திரங்கள் இருந்த நாட்டில், அலுவலகங்கள் திறந்திருந்த நாட்டில்தான் இது நடந்தது. பெரிய முதலீடு வந்தால் ஒரே மேசையில் எல்லாக் கையொப்பமும் வாங்கித் தருவதற்கென்றே ஒரு சபை இருக்கிறது. ஒரு தொட்டியும் ஒரு சிரட்டை சாம்பலும் கொண்டுபோனால், நிலத்தடி நீர் பற்றி எல்லாருக்கும் திடீரென்று கவலை வந்துவிடுகிறது.

இதற்கு வழியே இல்லையா? இருக்கிறது. ஸ்கொட்லாந்தைப் பாருங்கள். எங்களுக்குச் சட்டம் எழுதித் தந்துவிட்டுப் போனவர்களின் தீவு. அங்கே எல்லைப்புறத்தில் வூப்ளோ என்ற ஒரு காட்டை 1987இல் ஊர்ச்சனம் சேர்ந்து விலைக்கு வாங்கியது. பிறகு அப்படிப் பல காடுகள் வந்தன. வந்தபோது அவர்களுக்கும் எங்கள் பிரச்சினைதான்: மரக்குடில் ஒன்று போட வீட்டுக்குரிய எல்லா விதியும் குறுக்கே வந்தது. இயக்கம் நடத்தினார்கள். 2014இல் அரசின் திட்டமிடல் கொள்கையில் "குடில்" என்றால் என்ன என்று வரையறை எழுதினார்கள். நிரந்தர வீடாகப் பாவிக்கக் கூடாது. உட்பரப்பு 30 சதுர மீற்றருக்கு மேற்படக் கூடாது. சூழலுக்குப் பாரமில்லாத பொருளால் கட்டவேண்டும். ஆயுள் முடிந்ததும் தடம் தெரியாமல் அகற்றக்கூடியதாக இருக்கவேண்டும். 2017இல் கட்டட விதிகளிலும் அதற்கேற்ற விலக்கு வந்தது. திட்டமிடல் அனுமதி அங்கேயும் வேண்டும், அதை அவர்கள் நீக்கவில்லை. ஆனால் விண்ணப்பிக்கிறவருக்குப் படிவத்தில் ஒரு பெயர் இருக்கிறது. எங்கள் மூன்று கொட்டில்களையும் சேர்த்தால் 24 சதுர மீற்றர். அவர்களின் ஒரு குடிலுக்குள் எங்கள் முழுத் திட்டமும் அடங்கும், மிச்ச இடத்தில் ஒரு பாயும் விரிக்கலாம்.

வெள்ளைக்காரரின் உதாரணம் வேண்டாமென்றால் நேபாளம். 1993இன் காட்டுச் சட்டம் ஊரவர்களின் பாவனையாளர் குழுவுக்குச் சட்டத்தில் ஓர் ஆள் என்ற தகுதியைக் கொடுத்தது. இன்று 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்கள் இருக்கின்றன. காட்டுக்கான திட்டத்தைக் குழு எழுதுகிறது, வன அலுவலகம் அதைப் பார்த்து ஒப்புக்கொள்கிறது. எங்கள் நாட்டிலும் 2012 முதல் 2016 வரை அவுஸ்திரேலிய உதவியோடு சமூக வனவியல் திட்டம் ஒன்று நடந்தது. திட்டத்துக்குக் காசு இருக்கும்வரைதான் எங்களுக்குச் "சமூகம்" ஞாபகம் வரும். நேபாளம் அதைச் சட்டமாக்கியது.

கேட்ட கேள்வியும் வந்த பதிலும்

2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைத்த நல்ல ஆயுதம். தகவல் அலுவலர் 14 வேலைநாளுக்குள் முடிவைச் சொல்லவேண்டும். ஐந்து அலுவலகங்களுக்கும் ஒரே கேள்வியைப் போட்டோம்: "பொதுக் காணியில் 300 சதுர அடிக்கு உட்பட்ட, அத்திவாரமில்லாத, அகற்றக்கூடிய பொதுப் பயன்பாட்டு அமைப்புக்கு அனுமதி வழங்கும் அதிகாரம் ஆருக்கு, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ்?"

நாலு பதில் வந்தது. நாலும் மற்ற அலுவலகத்தைக் கைகாட்டியது. ஒன்றில் மட்டும் கடைசி வரியாக, "இவ்வாறான வகைப்படுத்தல் எதுவும் எமது நடைமுறையில் இல்லை" என்று இருந்தது. அந்தத் தாளைத்தான் நாங்கள் லமினேற் பண்ணி வைத்திருக்கிறோம். இரண்டு வருடத்தில் எங்களுக்குக் கிடைத்த ஒரே உண்மை அது.

ஆகவே எங்கள் கோரிக்கை தெளிவானது. பெரிய சட்டத் திருத்தம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. புதிதாகத் தெரிவான பிரதேச சபைகள் மாவட்ட, பிரதேச செயலகங்களோடு இருந்து பேசினாலே தொடங்கலாம்.

ஒன்று: "சிறு பொதுப் பயன்பாட்டு அமைப்பு" என்று படிவத்தில் ஒரு கட்டம். 30 சதுர மீற்றருக்குள், அத்திவாரமில்லாமல், மரம் வெட்டாமல், அகற்றக்கூடியதாக என்று வரையறை.

இரண்டு: விண்ணப்பம் ஒரு இடத்தில் கொடுக்கப்படவேண்டும். ஐந்து அலுவலகமும் ஒரே நாளில் காட்டுக்கு வந்து பார்க்கவேண்டும். கோப்பு நடக்கட்டும், நாற்றுமேடையில் வேலை செய்கிற பெண்கள் நடக்கத் தேவையில்லை.

மூன்று: 30 நாளில் பதில், தமிழில், எழுத்தில். இல்லை என்றால் ஏன் இல்லை என்று காரணம்.

நான்கு: நில அளவைக்குப் பதிலாகக் கிராம அலுவலரும் கமக்காரர் அமைப்பும் ஊரவரும் சேர்ந்து கையெழுத்திட்ட இடவரைபடம் போதும் என்ற ஏற்பாடு. கழற்றிக்கொண்டு போகக்கூடிய கொட்டிலுக்கு 60 ஆயிரம் ரூபா அளவை அநியாயம்.

ஐந்து: ஐந்து வருட அனுமதி, பராமரிப்புப் பொறுப்போடு. மோசமாக வைத்திருந்தால் பறியுங்கள். அதற்கும் நாங்கள் கையொப்பம் வைக்கத் தயார்.

இதில் ஒன்றுகூட அரசுக்குச் செலவு வைக்காது. சொல்லப்போனால் ஐந்து உத்தியோகத்தர்களின் நேரம் மிச்சம்.

இதை வாசிக்கிறவர்களில் உங்கள் ஊரிலும் ஒரு குளக்கரை, ஒரு இலுப்பைத் தோப்பு, ஒரு கண்டற்காடு இப்படி ஆரோ பராமரித்துக்கொண்டு இருப்பார்கள். அங்கே வேலை செய்கிற பெண்களிடம் முதலில் போய்க் கேளுங்கள், தண்ணீர் எப்போது குடிக்கிறார்கள் என்று. பிறகு நாங்கள் போட்ட அதே தகவல் கோரிக்கையை உங்கள் சபைக்கும் போடுங்கள். கேள்வியை மேலே அப்படியே எழுதியிருக்கிறோம், பார்த்து எழுதலாம். ஒரு ஊர் கேட்டால் விசர், நாற்பது ஊர் கேட்டால் அதற்கு ஒரு கட்டம் போட்டுத்தான் ஆகவேண்டும்.

வருகிற மாதம் புதிய சபையின் அமர்வு இருக்கிறது. எங்கள் விண்ணப்பத்தை மூன்றாவது தடவையாகக் கொடுக்கப்போகிறோம். இந்தமுறை நாங்கள் மட்டும் போகவில்லை, 14 அக்காமாரும் வருகிறார்கள். அன்றைக்குக் காலை எல்லாரும் வடிவாகத் தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகப் பேச்சு. சபைக் கட்டடத்தில் மலசலகூடம் இருக்கிறது, அனுமதியோடு கட்டினது.